ஸ்டெல்லா வாசித்த வார்த்தை

போன சனிக்கிழமை மத்தியானம் தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்கு ஆராதனையில நிருபம் வாசிக்க என் பேர் போட்டிருக்காங்க. புதுக் கண்ணாடி போட்டு முதல் வாசிப்பு. முன் வரிசையில வந்து உட்காரு."

நிருபம் என்றால் பைபிளில் வரும் கடிதம். எந்தப் பகுதி என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு வியர்த்துவிட்டது.

அதில் 'வேசித்தனம்' என்ற வார்த்தை வருகிறது. மூன்று தடவை!

சர்ச் பக்கம் போகாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில், திருமணத்துக்கு வெளியே நடக்கிற எல்லாவற்றுக்கும் அநேகமாக இந்த ஒரே வார்த்தைதான். காசுக்குக் கூடியவர்கள், காதலித்துக் கூடியவர்கள், தீர்க்கதரிசிகளுக்குக் கோபம் வந்தால் வேறு சாமி கும்பிட்டவர்கள்கூட இதில் அடக்கம். இன்று யார் இப்படிப் பேசுகிறார்கள்? அடையாறு பஸ் டெப்போவில் சொல்லிப் பாருங்கள், அடி விழும். சபையில் மட்டும் அமைதியாகக் கேட்டுவிட்டு 'ஆமென்' சொல்வோம்.

சரி, எனக்கு ஏன் வியர்த்தது?

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் ஸ்டெல்லா, மயிலாப்பூர் ரங்கநாதனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு 'ஓலை வாசிக்க' வேண்டும் — இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று. ஓலை வாசிக்காத கல்யாணம், கல்யாணமே இல்லை. அப்படியானால் அவர்கள் சேர்ந்து வாழ்வதற்கு என்ன பெயர்?

அந்தப் பெயரைப் போட்டு, சபையார் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்திலிருந்து அவளை விலக்கும் அறிவிப்பை எழுதியவன் சபைச் செயலாளர். அதாவது நான்.

போதகர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "தம்பி, 'சபை ஒழுங்கை மீறி'ன்னு போட்டா போதாதா?"

"வேதத்துல இருக்கிற வார்த்தைதானே ஐயா!"

தமிழ் எம்.ஏ. திமிர். உண்மையில் அது வேத வைராக்கியமும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்ற கோபம்... அவ்வளவுதான்.

ஞாயிறு ஆராதனையில் அதை நானே வாசித்தேன். ஸ்டெல்லா நான்காவது வரிசையில் இருந்தாள். எழுந்து போகவில்லை. கடைசிப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் போனாள்.

ஆறு வருடம் கழித்து வந்த வேறொரு போதகர், ஓலை கீலை என்று எதுவும் கேட்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டார். நாங்களும் பேச ஆரம்பித்தோம். வாரம் தவறாமல் அவள் வீட்டிலிருந்து மீன் குழம்பு வரும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை. கோழை!

சனிக்கிழமை போனிலும் கோழையாகத்தான் ஆரம்பித்தேன். "உனக்கு ஏம்மா சிரமம்? நான் வாசிக்கிறேனே..."

ஸ்டெல்லா சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அந்த வார்த்தைக்காகவா? அன்னைக்கு நீ வாசிச்சே, நான் உட்கார்ந்து கேட்டேன். நாளைக்கு நான் வாசிக்கிறேன். நீ உட்கார்ந்து கேளு."

கேட்டேன். மூன்று தடவையும் அவள் குரல் நடுங்கவில்லை. முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். முறைத்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் மனப்பாடச் செய்யுள் ஒப்பித்துவிட்டு, 'சரியாச் சொன்னேனா அண்ணா?' என்று பார்ப்பாளே... அதே பார்வை.

வெளியே, வழக்கம்போல ரங்கநாதன் காரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் பெசன்ட் நகரிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போவார். இருவர் முன்னாலும் சொன்னேன்.

"ஸ்டெல்லா, அன்னைக்கு அந்த வார்த்தையை எழுதினது சபை இல்ல, நான்தான். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுடு. மாப்பிள்ளை, நீங்களும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் மன்னிச்சு ரொம்ப வருஷமாச்சு. கேக்கத்தான் நீ லேட்டு."

ரங்கநாதன் பேப்பரை மடித்தார். "அதுல என்ன தப்பு, மச்சினரே? இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு ஓலை வாசிக்கலியே! நாப்பத்தாறு வருஷமா நாங்க அதைத்தானே பண்ணிண்டிருக்கோம்!"

ஸ்டெல்லா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் — சர்ச் வாசலில், கையிலிருந்த வேதப் புத்தகத்தாலேயே.

நல்லவேளை, இப்போது நான் சபைச் செயலாளர் இல்லை.