ஜோசியா குடிக்க மாட்டான்

யூனிஸ் அறுபத்தைந்து வயதில் தெலுங்கு படிக்கக் கற்றுக்கொண்டாள். பிறந்தது முதல் செகந்திராபாத்தில்தான் வாசம். வேலை பார்த்து ஓய்வு பெற்றது குஷாய்குடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். தெலுங்குப் பேச்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எழுத்து தெரியாது. வீட்டில் வேதாகமம் தமிழ், பேப்பர் இங்கிலீஷ். பஸ்ஸில் நம்பரைப் பார்த்து ஏறியே காலம் ஓடிவிட்டது.

சுல்தான் பஜாரில் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அவள் எழுத்துக் கூட்டியது தம்பி ஜோசியாவுக்காக.

1989இல் அவன் மல்லாபூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் இருந்தான். அந்த வருஷம் பாய்லர் வெடித்து இரண்டு பேர் வெந்து செத்தார்கள். பழுதைப் பற்றி முன்பே சொல்லியும் முதலாளிகள் கண்டுகொள்ளவில்லை என்று விசாரணையில் சொல்லப்போவதாக ஜோசியா வீட்டில் சொன்னான். அதற்குள் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. போதையில் ரயிலில் அடிபட்டான், பார்த்த சாட்சி இருக்கிறது என்றது போலீஸ். சாட்சி யாரென்று கேட்ட அப்பாவை விரட்டிவிட்டார்கள். ஜோசியா பியரைக்கூடத் தொட்டதில்லை.

“கர்த்தர் பாத்துக்கிடுவாரு, நீ விட்டுரு” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா போன பிறகுதான் யூனிஸ் பழைய பேப்பர்களைத் தேடி அப்சல்கஞ்ச் நூலகத்துக்குப் போனாள். இங்கிலீஷ் பேப்பரில் ஜோசியா செத்ததைப் பற்றி நான்கு வரி இருந்தது. பெயரே தப்பு. பக்கத்தில் தெலுங்குப் பேப்பர்கள் கட்டுக்கட்டாக இருந்தன. யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். தம்பி செத்த கதையை அந்நியர் வாயால் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

எழுத்து பிடிபட்டதும் மறுபடி போனாள். தாள்கள் தொட்டால் பொடிந்தன. ஒரு பேப்பரின் உள்பக்கத்தில் செய்தி விரிவாகவே வந்திருந்தது. “நானும் ஜோசியாவும் கள்ளுக்கடையில் குடித்தோம். நிற்க முடியாத போதையில் தண்டவாளத்தைக் கடக்கப் போனான்” என்று உடன் வேலை பார்க்கும் ஒருவர் போலீஸில் கூறியிருந்தார். அடுத்து அவர் பெயர். தப்பாகப் படிக்கிறோமோ என்று திரும்பவும் எழுத்துக் கூட்டினாள். ஸ்டான்லி.

ஸ்டான்லி ஜோசியாவின் சிநேகிதன், ஒரே சபை. சவப்பெட்டியைத் தூக்கியவன். அடுத்த வருஷமே அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனான். அதற்காக அவன் வீட்டில் நடந்த ஸ்தோத்திர ஜெபத்துக்கு யூனிஸ் தன் கையால் கேசரி கிண்டிக் கொண்டுபோனாள்.

நூலகத்திலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனாள்.

“வாங்கக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் செல்போனில் எடுத்த படத்தை நீட்டினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துவிட்டு செல்போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“பேப்பர்காரன் என்ன வேணா எழுதுவான்க்கா.”

“அவன் குடிச்சானா ஸ்டான்லி? அத மட்டும் சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இதெல்லாம்? நக்கோ, வேணாம்க்கா.”

எழுந்து உள்ளே போய்விட்டான்.

கேட் வரை வந்தது அவன் மனைவி பெர்சிஸ்.

“இதுக்காக இன்னொரு தடவை வராதீங்கக்கா. அவருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு.”

“உனக்குத் தெரியுமா பெர்சிஸ்?”

“கல்யாணமான புதுசுலேயே சொன்னாரு. பேப்பர்ல பேர் வந்ததும் ரொம்பப் பயந்தாராம். அப்புறம் உங்க வீட்ல யாரும் தெலுங்கு படிக்க மாட்டாங்கன்னு நிம்மதியாயிட்டாராம்.”

யூனிஸ் கேட்டைத் திறந்து வெளியே வந்தாள்.

காவல் நிலையத்தில் அத்தனை பழைய ஃபைல் இல்லை என்றார்கள். சபையில் விஷயம் பரவியது. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரு கூட்டம் வீட்டுக்கு வந்தது.

“மன்னிச்சு விட்டுருங்கக்கா. அவருக்கும் வயசாயிடுச்சு.”

“அவன் எங்கிட்ட மன்னிப்பு கேட்டானா?”

ஒருத்தி வேதாகமத்தைப் பிரித்தாள்.

“கேக்காதத நான் எப்படிக் குடுக்க?”

ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறோம் என்றார்கள். அவர்கள் முடிக்கும்வரை யூனிஸ் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் வேறு சபைக்குப் போகிறாள். ஜோசியாவை அடித்தது யாரென்று இன்னும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவன் காய்கறிக் கடையில் எதிர்ப்படும்போதெல்லாம், “நல்லா இருக்கீங்களாக்கா?” என்று கேட்கிறான்.