ஒரு பீப் வந்தால் சரி

எண்பதுகளின் கடைசியில் பம்பாய் செம்பூரில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மாட்டுங்காவில். ஆபீஸில் ஒரு பெரிய மெஷின், அதோடு இணைத்த சில திரைகள், கறுப்பில் பச்சை எழுத்து. அவ்வளவுதான் எங்கள் உலகம்.

நாங்கள் தயாரித்தது ஒரு டீபக்கர். ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நடுவில் நிறுத்தி, உள்ளே எங்கே தப்பு என்று பார்க்க உதவும் கருவி. இந்த வரியில் நில், இதன் மதிப்பைக் காட்டு, ஒரு வரி மட்டும் நகர் என்று எல்லாவற்றையும் கட்டளையாக டைப் அடிக்க வேண்டும். டீபக்கரில் யாராவது ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் போச்சு. பழைய வசதிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று முதலிலிருந்து சோதிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளையாக அடித்து, திரையில் வருவதைக் கையிலுள்ள பிரின்ட் அவுட்டோடு ஒப்பிட்டு முடிப்பதற்குள் கண் எரியும்.

இந்த வேலையில் என்னோடு இன்னொருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அந்தக் கட்டளைகளைத் தானே கொடுத்து, வரும் பதிலைத் தானே ஒப்பிடும் ஒரு புரோகிராமை அவர் எழுதிவிட்டார். எல்லாம் சரியென்றால் கம்ப்யூட்டர் ஒரு முறை 'பீப்' என்று சத்தம் போடும். தப்பென்றால் இரண்டு முறை. அவர் பாட்டுக்கு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சரியான சோம்பேறி என்று ஆபீஸே கிண்டல் செய்தது. நானும்தான்.

அந்த மழைக்காலத்தில் இன்னொன்றும் ஆரம்பித்தது. ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவர் என் பின்னாலேயே வருவார். பக்கத்தில் வரமாட்டார், நாலடி தள்ளித்தான். இருவருக்கும் ஒரே பஸ். அவர் சயானில் இறங்குவார், நான் கிங்ஸ் சர்க்கிளில். சயான் ஸ்டாப்பில் அவருடைய அண்ணன் காத்திருப்பார். இவ்வளவு பெரிய ஆளைக் கூட்டிப்போக ஒரு அண்ணனா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

என்னிடம் அப்போது ஒரு மஞ்சள் குடை இருந்தது. ஒருநாள் தயங்கித் தயங்கி, "நாளைக்கும் இந்தக் குடையத்தான கொண்டு வருவீங்க?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆகாத பெண்ணிடம் ஒருவர் இப்படிக் கேட்டால் என்ன தோன்றும்? அதுதான் எனக்கும் தோன்றியது. மறுநாள் குடைக்குப் பொருத்தமாக மஞ்சள் புடவை கட்டிக்கொண்டேன். ஆபீஸில் ஏதாவது பூஜையா என்று அம்மா கேட்டாள்.

சில வாரம் கழித்து வாடிக்கையாளர்கள் சிலர் கருவியைப் பார்க்க வந்தார்கள். அவருடைய சோதனையை ஓட்டிக்காட்டச் சொன்னார் மேனேஜர். போதாத காலம், நடுவில் இரண்டு பீப். என்ன தப்பு, படித்துச் சொல் என்றார் மேனேஜர். இவர் திரையருகே குனிந்தார். முகத்தை மெல்ல மேலும் கீழும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். பாயில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர் போல இருந்தது. அந்த வரியோ எங்கள் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிறது. ஏழு வரவேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்திருக்கிறது என்று நானே சத்தமாகப் படித்துவிட்டேன். முந்திரிக்கொட்டை என்பதுபோல மேனேஜர் என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவர் சொன்னார். "இருட்டுனா எனக்குக் கண்ணு தெரியாது. இப்ப பகல்லயும் ஒரு வளையல் வழியா பாக்குத மாதிரிதான் தெரியுது. எல்லாரும் கறுப்புக் குடை, உங்க குடை மட்டுந்தான் மஞ்சள். அதப் பாத்துத்தான் பின்னாலயே வந்தேன். தப்பா நெனச்சிராதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. நன்றாகத்தான் நினைத்திருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்களாம். ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும், தோல் பட்டறையில் வேலை பார்த்து அண்ணன் படிக்கவைத்த படிப்பு, முடிந்தவரை தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்றார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அதிலிருந்து இரண்டு பீப் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி அவர் மேஜைக்குப் போவேன். தப்பான வரியை மெதுவாகப் படித்துக்காட்டுவேன். ஆபீஸில் எங்களை இணைத்துப் பேசினார்கள். அது நிஜமாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒருநாள். நல்ல மழை. நான் முதலில் ஆபீஸ் மாடியிலிருந்து இறங்கி, குடையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் படியிறங்கி வந்தார். எனக்கு நேர் எதிரே, கூரைக்கு அடியில் நின்றார். போகலாமா என்று கேட்டேன். என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குக் குடை கொண்டாரலையா?"

விரித்த குடையின் காம்பை அவர் விரலில் படும்படி நீட்டினேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு கையை நீட்டினார். அன்றுதான் முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் ஆசைப்பட்டதுதான். ஆனால் இப்படி நடந்திருக்க வேண்டாம்.

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். கடைசி நாளில் அண்ணன் வந்து காத்திருக்க, சோதனையை ஒரு முறை முழுக்க ஓட்டினார். ஒரு பீப் வந்தது. எழுந்துகொண்டார். ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், பிறகு பார்க்கவே இல்லை. நான் அங்கே இருந்தவரை அவர் எழுதிய சோதனைதான் ஓடியது. ஒரு பீப் வந்தால் எல்லோரும் சந்தோஷமாக டீ குடிக்கப் போவார்கள். நான் மட்டும் அவருடைய காலி நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பேன்.

எனக்கு வயதாகிவிட்டது, இன்னும் மஞ்சள் குடைதான் வாங்குகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். கடையில் கறுப்புக் குடையை எடுக்கப் போனால், என்னை நம்பி யாராவது பின்னால் வந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று கை தானாக நின்றுவிடுகிறது.