கொழுந்து கிள்ளிய ஆடாதோடை

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்து வீடுகளில் என்ன நல்லது நடந்தாலும் முதல் குலவை ராமுத்தாயுடையது. வளைகாப்போ, சடங்கோ, அம்மன் திருவிழாவோ, அவள் நாக்கைச் சுழற்றி எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். ஆள் ஒல்லி. பேச்சும் குறைவு. சூப்பர்வைசர் கேட்டால்கூடத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஆனால் குலவை என்று வந்துவிட்டால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்தக் குலவைக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து கிள்ளப் போனவள் அவள். முழங்கால் வலி வந்த பிறகு தேயிலைத் தூள் சலிக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே எந்த நேரமும் பஞ்சு மாதிரித் தூசி பறக்கும். மாஸ்க் கொடுத்திருந்தார்கள். அது எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். மழைக்காலத்தில் பிடித்த இருமல், வெயில் வந்தும் விடவில்லை. லயத்துப் படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் அவள் புருஷன் நல்லதம்பி, பக்கத்தில் படுத்துக்கொண்டு, “கண்டக்டர் விசில் அடிக்குது புள்ள, வண்டிய எடுக்கவா?” என்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரும்.

பக்கத்து வீட்டு வளைகாப்பில்தான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. குலவையை எடுத்தாள், பாதியில் இருமல் வெட்டியது. மேல் லயத்துச் சித்ரா சட்டென்று பிடித்து முடித்து வைத்தாள். சித்ரா ரிசார்ட்டில் வேலை செய்கிற சின்னப் பெண், தூசி படாத நெஞ்சு. “முளைப்பாரிக்கு இந்தத் தடவை சித்ராவே எடுக்கட்டும். ராமுத்தாய் பாவம், முடியல” என்று யாரோ சொன்னார்கள். சித்ரா எடுப்பதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் ‘பாவம்’தான் உள்ளே போய்க் குத்தியது.

மறுநாளே டிஸ்பென்சரிக்குப் போனாள். மலையாளத்து நர்ஸ் லிஜி, டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் பம்பை எப்படி உறிஞ்சுவது என்று செய்து காட்டினாள். “மாஸ்க் கழுத்துக்கு இல்ல சேச்சி, மூக்குக்கு” என்றாள். வீட்டில் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கிறேன் என்று ராமுத்தாய் முணுமுணுத்தாள். லிஜி டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, “குடிக்கலாம். பக்ஷே பம்ப நிறுத்தக் கூடாது, கேட்டோ?” என்றாள்.

ஆடாதோடை, வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் நின்றது. போடியில் இருக்கும் நாத்தனார் சிவசங்கரி கொண்டுவந்து நட்ட குச்சிகள், நன்றாகத் தழைத்திருந்தன. காலையும் மாலையும் ராமுத்தாய் அதில் பறித்துப் போட்டுக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். இருமல் அசையவில்லை.

சிவசங்கரி போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்க வருகிறவள். முளைப்பாரித் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் அண்ணன் வீட்டில் தங்கினாள். பல் தேய்க்கப் பின்பக்கம் போனவள், வேலியைப் பார்த்து வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

“ஏ மதினி! என்ன இது, இதையும் தேயிலைத் தோட்டம் ஆக்கிட்டீங்க?”

ராமுத்தாய் அப்போதுதான் பார்த்தாள். ஆள் உயரம் போக வேண்டிய செடி, இடுப்பளவில் பாய் விரித்த மாதிரி சமமாக நின்றது. ஒரு பூ இல்லை. எந்தக் கிளை நுனியிலும் இரண்டு இலைக்கு மேல் விட்டு வைக்கவில்லை.

“எதைப் பறிச்சுப் போடுறீங்க?”

“கொழுந்துதான்.”

“அதான பாத்தேன்! இதுக்குக் கொழுந்து ஆகாது மதினி. முத்தின இலைதான் வேணும். சரி, எப்படிப் போடுறீங்க?”

ராமுத்தாய் தயங்கினாள். உள்ளேயிருந்து நல்லதம்பிதான் பதில் சொன்னான். “கொதிச்ச தண்ணியில போட்டு, மூடி வச்சு, வடிகட்டி, பால் சேத்து, சீனி போட்டு. எனக்கும் ஒரு கிளாஸ் குடுத்தா உன் மதினி. நல்லாத்தான் இருந்துச்சு.”

சிவசங்கரி வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். ராமுத்தாய்க்கும் அடக்க முடியவில்லை. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

அடியில் அவள் தொடாமலே விட்டிருந்த முத்தின இலைகள் கரும்பச்சையாகக் கிடந்தன. அவற்றை நறுக்கி, மிளகு தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகும் வரை சுண்ட வைத்து, கருப்பட்டி சேர்த்துக் கொடுத்தாள் சிவசங்கரி. குடித்ததும் ராமுத்தாயின் முகம் போன போக்கைப் பார்த்து, “இப்பத்தான் இது மருந்து” என்றாள்.

கசப்பைக்கூடப் பழகிவிடலாம், விரலைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. முத்தின இலை கூடையில் விழுந்தால் திட்டு வாங்கி வளர்ந்த கை அது. செடிக்குப் பக்கத்தில் போனாலே வலது கை தானாக நுனிக்கு ஓடும். இடது கையால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே குனிவாள். பம்பையும் விடவில்லை. மாஸ்க்கும் மூக்குக்கு ஏறியது. இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் சளி இளகியது. பிறகு, ஒரு காலை, தண்ணீர்க் குடத்தோடு படி ஏறி வந்து நின்றபோது விசில் கேட்கவில்லை. நம்பாமல் மறுபடி இறங்கி ஏறிப் பார்த்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏலக்காட்டு வேலிக்கு அப்பால் நின்று, சின்னதாக ஒரு குலவை போட்டுப் பார்த்துவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று ஓடி வந்தாள்.

முளைப்பாரி கிளம்பிய அன்று மேடு ஏறி முடியும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. தலையில் முளைப்பாரி, கண் பாதையில். “விட்டுக் குடுத்துட்டா” என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். கோயில் வளைவில் கொட்டு நின்றது. முதல் குலவைக்காக எல்லாரும் சித்ராவைப் பார்த்தார்கள். சித்ரா திரும்பி ராமுத்தாயைப் பார்த்தாள்.

“எடுக்கிறீங்களாக்கா? முடியாட்டி நான் பிடிச்சுக்கிறேன்.”

ராமுத்தாய் மூச்சை இழுத்தாள். அது தடையில்லாமல் அடிவயிறு வரை போனது. நாக்கு சுழன்றது.

குலவை வளைவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, தேயிலைச் சரிவில் இறங்கிப் போனது. கொட்டுக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முடித்ததும் மொத்தப் பெண்களும் ஒன்றாகப் பிடித்தார்கள்.

“இது விசில் இல்ல புள்ள, ஏர் ஹாரன்!” என்று ஆண்கள் பக்கமிருந்து நல்லதம்பி கத்தினான்.

“நல்லா இருக்குக்கா நியாயம்” என்றாள் சித்ரா. “எப்ப மூச்சு முடியும், எப்பப் பிடிக்கலாம்னு நாக்க நீட்டிக்கிட்டே நின்னேன். வாய் உலர்ந்து போச்சு. அடுத்ததாவது எனக்கு விடுங்க.”

ராமுத்தாய் சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினாள். மனதாரத்தான் ஆட்டினாள். ஆனால் கொட்டு மறுபடி ஏறியபோது, நாக்கு அவளைக் கேட்காமலே சுழன்றது.