தனக்கு அடிக்காத மணி

ஒரே கம்பியில் பல சிப்புகளைக் கோத்தால், அழைக்கப்படாத சிப் விலகி நிற்க வேண்டும். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஏலத்தோட்டக் காவல்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார்.

போடி மலையின் ஏலத்தோட்டங்களுக்கெல்லாம் அன்று ஒரே டெலிபோன் கம்பிதான். யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லாத் தோட்டத்திலும் மணி அடிக்கும்; தோட்டத்துக்குத் தோட்டம் அடிக்கும் விதம் மட்டும் வேறு. பேச்சு அடிக்கடி மங்குகிறது என்று புகார் வந்ததால், அப்போது டெலிபோன் லைன்மேனாக இருந்த நான் பழுது பார்க்க மலை ஏறினேன். கடைசித் தோட்டத்தில், மப்ளருக்குள் ரிசீவரைச் செருகியபடி அவர் தனியாக நின்றிருந்தார்.

“அண்ணே, இப்ப அடிச்சது உங்க மணி இல்லையே?”

“எனக்கு யாரு தம்பி அடிக்கப் போறா? பேச மாட்டேன், சும்மா கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

“நீங்க எடுத்தாலே அங்க சத்தம் கொறைஞ்சிருதுண்ணே.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நான் இங்க இருக்கேன்னு அவுகளுக்குத் தெரியுதா?”

கம்பியில் கோளாறு எதுவும் இல்லை என்று கீழே வந்து சொன்னேன்.