மூன்றரை மணிக் கையெழுத்து

விமான நிலையத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் நான் ஏழு வருடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். அங்கே நான்காவது மாடியில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதன் காவலரை எங்கள் எல்லோருக்கும் தவளை அண்ணன் என்றுதான் தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சமையலறைக்காரர்கள் வைத்த பெயர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கிணத்துத் தவளைன்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார்.

இளவயதில் போட்டிகளில் நீந்தியவர். மூழ்கியவரை எப்படிக் கரைக்கு இழுப்பது, நின்ற மூச்சை எப்படித் திரும்ப வரவழைப்பது என்றெல்லாம் படித்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவர். ஆனால் எங்கள் ஹோட்டலுக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி. பெட்டியை உருட்டிக்கொண்டு வருவார்கள், ஒரு தூக்கம் போடுவார்கள், அடுத்த விமானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் வேகமான இணையம், தேய்த்த சட்டை, நேரத்துக்குப் புறப்படும் வேன். அறை பதிவு செய்யும்போது நீச்சல் குளம் உண்டா என்று மறக்காமல் கேட்பார்கள். வந்த பிறகு எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நட்சத்திரத் தகுதிக்குக் குளம் வேண்டுமென்று ஹோட்டல் குளத்தை வைத்திருந்தது. குளத்துக்கு ஆள் வேண்டுமென்று அண்ணனை வைத்திருந்தது.

பதினோரு வருடம் அவர் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார். காலையில் சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பார். நீளக் கம்பு வலையால் பூச்சிகளை அள்ளுவார். யாரும் தொடாத துண்டுகளைப் பிரித்து மறுபடி மடிப்பார். விமானம் தாழப் பறக்கும்போது தண்ணீர் முழுக்க மெல்லிய நடுக்கம் ஓடும். அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

உடற்பயிற்சிக் கூடத்து ஆள் வேலையை விட்டுப் போனபோது புது ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது மாடியில் இருந்த அந்தக் கூடத்தையும் சேர்த்து அண்ணன் தலையில் கட்டினார்கள். கூட்டத்தில் ஒரே ஒரு தடவை அவர் எழுந்து பேசினார்.

"சார், குளத்துல ஆள் இருக்கும்போது நான் கீழ போனா யார் பார்க்கறது?"

மேலாளர் சிரித்தார். "குளத்துல என்னிக்கு ஆள் இருந்திருக்கு? இல்லாத ஆளைக் காப்பாத்த ஒரு ஆளா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குளத்தங்கரையில் ஒரு பதிவேடு இருந்தது. காவலர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அரை மணிக்கு ஒரு கையெழுத்து போடவேண்டும். இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டு அதற்கு எங்கே நேரம்? காலையிலேயே அன்றைய கட்டங்கள் அத்தனையிலும் ஒரே மூச்சாகப் போட்டுவிடுவார். அது எனக்குத் தெரியும். மேலாளருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒரு விமானக் கம்பெனியில் வேலைநிறுத்தம் வந்தது. பயணிகள் பலர் நாள் கணக்கில் எங்களிடம் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பாலம் கட்டும் இன்ஜினியர், அறுபத்திரண்டு வயது. முதல் நாளே என்னிடம் வந்து, "குளம்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவே தண்ணி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும் மூன்று மணிக்கெல்லாம் மேலே போய்விட்டார்.

அண்ணனுக்கு அந்த நாட்களில் நடையே மாறிவிட்டது. மூன்று மணிக்கு முன்பே நாற்காலியைத் துடைத்து வைப்பார். சாப்பாட்டு இடைவேளையில் எங்களிடம் இன்ஜினியரைப் பற்றியேதான் பேச்சு. "கைய வீசறது கொஞ்சம் தப்பு. சொல்லிக்கொடுத்தேன். கப்புனு பிடிச்சுக்கிட்டார் மனுஷன்." இன்ஜினியர் ஒரு நாள் அவரிடம், "நீங்களும் இறங்குங்களேன், போட்டி போடலாம்" என்றாராம்.

"விருந்தாளிங்களோட இறங்கக் கூடாதுங்க. விதி."

"அப்ப இந்தக் குளத்துல நீங்க நீந்தினதே இல்லையா?"

"தரை தேய்க்க இறங்கியிருக்கேன்."

இதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தார். பதினோரு வருடத்தில் அவர் வேலையைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான்காம் நாள் மூன்று இருபது இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு பெண் எனக்கு போன் செய்தார். ஓடுகிற இயந்திரம் நிற்க மாட்டேன் என்கிறது, புகை வாசனை வருகிறது என்றார். நான் குளத்தங்கரை போனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஜிம்முல மெஷின் மக்கர் பண்ணுதாம். சீக்கிரம் போய்ப் பாருங்க."

"இங்க ஐயா தண்ணில இருக்காரும்மா."

"ரெண்டு நிமிஷ வேலைதானே அண்ணே. அந்தம்மா கத்தறாங்க."

அவர் இன்ஜினியரைப் பார்த்து, "ஐயா, நான் வர்ற வரைக்கும் கரையில உக்காருங்க" என்று சொன்னது எனக்கு போனிலேயே கேட்டது. "இன்னும் ரெண்டே சுத்து. முடிச்சுட்டு ஏறிடறேன், நீங்க போங்க" என்று இன்ஜினியர் சொன்னதும் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்.

இயந்திரத்தின் வயரைப் பிடுங்கி, அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தி, படியேறி மேலே வர அவருக்குப் பதினோரு நிமிடம் ஆனது. லிப்ட் பெட்டிகளோடு நிறைந்திருந்ததால் படியில் ஓடியிருக்கிறார். குளத்தில் அலை இல்லை. இன்ஜினியர் ஆழமான பக்கத்தில் தரையோடு கிடந்தார். அண்ணன் செருப்போடு, சட்டையோடு குதித்தார். படித்தது எதையும் மறக்கவில்லை. இழுத்துப் போட்டு, மூச்சு கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் அவர் கையைப் பிடித்து விலக்கவேண்டி இருந்தது.

இதயம் நின்றிருக்கிறது என்றார் மருத்துவர். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணன் கேட்டார். "சொல்ல முடியாது" என்றார். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையோடுதான் அண்ணன் இன்றுவரை வாழ்கிறார்.

மறுநாள் மேலாளர் அறையில் மூன்று பேர் இருந்தோம். பதிவேடு மேசைமேல் திறந்திருந்தது.

"மூணரைக்கு உங்க கையெழுத்து இருக்கு. அப்ப நீங்க அங்கதான் இருந்திருக்கீங்க" என்றார் மேலாளர்.

"இல்ல சார். ஜிம்முக்குப் போயிருந்தேன்."

"யார் போகச் சொன்னா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தால் போதும், ஒரே சொல். என் வேலை போய்விடும் என்ற பயம்கூட அப்போது இல்லை. ஆனாலும் பதிவேட்டின் கட்டங்களையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல சார்" என்றார் அவர்.

"யாரும் சொல்லலேன்னா நீங்க போகவே இல்லைன்னு வச்சுக்குங்க. எல்லாருக்கும் நல்லது."

அப்படித்தான் எழுதப்பட்டது. கடைசி வினாடிவரை பக்கத்தில் இருந்து காப்பாற்றப் போராடினார் என்று. அதற்கு ஹோட்டல் அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தது. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தார். விவரம் தெரியாத அந்த அக்கா கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினார். வருகிறவர்களிடம், "இவர் கைக்கு வந்த உயிர். தங்கல. ஆனா விட்டுட்டு ஓடலையே" என்று சொல்வார்.

இன்ஜினியரின் மனைவி இரண்டு நாள் கழித்து வந்தார். ஒல்லியான அம்மா. அழுது ஓய்ந்த முகம். கணவரின் பெட்டியை வாங்கிக்கொண்டதும், "கூட இருந்தவரைப் பார்க்கணும்" என்றார். கீழ்த்தள கூட்ட அறையில் அண்ணனை உட்காரவைத்தார்கள். மேலாளர் சுவரோரம் நின்றார். தண்ணீர் கொண்டுபோய் வைத்தவள் நான்.

"தம்பி, நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி, "இருந்தேம்மா" என்றார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. என் கையப் பிடிச்சுக்கிட்டார். அப்படியே போயிட்டார்."

கையைப் பிடித்தார் என்று சொல்லும்படி மேலாளர் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அண்ணன் வாயிலிருந்து தானாக வந்தது. அந்த அம்மா அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "தனியாப் போயிட்டாரோன்னுதான் ரெண்டு நாளாத் தூங்கல. இது போதும் எனக்கு" என்றார்.

எட்டு மாதம் குளம் பூட்டிக் கிடந்தது. பிறகு தண்ணீரை இறைத்து, மணலும் கல்லும் கொட்டி நிரப்பி, மேலே தரைவிரிப்பு போட்டு, கணினியும் அச்சு இயந்திரமுமாக ஒரு வணிக மையம் கட்டினார்கள். தகுதிக் குழுவினர் வந்து பார்த்து, குளத்துக்குப் பதில் இதுவே போதும் என்று திருப்தியாகப் போனார்கள். அண்ணனை உடற்பயிற்சிக் கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இயந்திரங்களில் வழியும் வேர்வையைத் துடைப்பதுதான் வேலை. தவளை என்று கூப்பிடுவதை யாரும் சொல்லாமலே எல்லோரும் நிறுத்திவிட்டோம்.

ஒவ்வொரு வருடமும் அதே தேதியில், மூன்று மணிக்கு மேல், இன்ஜினியரின் மனைவி அண்ணனுக்கு போன் செய்வார். நலம் விசாரிப்பார். பிறகு, "அவர் எப்படிப் போனார்னு ஒரு தடவை சொல்லுங்க தம்பி" என்பார். இவர் சொல்வார். இரண்டாம் வருடம் புதுக் கேள்வி வந்தது. "என்னைப் பத்தி எதாவது சொன்னாரா?" ஆமாம் என்றார். என்ன சொன்னார் என்று கேட்டபோது, "வீட்டுக்குப் போகணும்னார்" என்றார். மூன்றாம் வருடம் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வந்தது. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். இவருக்கு வருடத்துக்கு ஒன்று.

அந்த வருடம்தான் அண்ணன் தன் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. முக்காலி போட்டு ஏறிக் கடிதத்தைக் கழற்றிப் பழைய துணிகளுக்கு அடியில் வைத்தார். சுவரில் அந்தச் சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. "யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு இருவரும் சாப்பாடு, துவைத்த துணி, போட்ட பூட்டு இவற்றைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். போன வருடம் அவரைப் பார்க்கப் போனபோது, இன்ஜினியரின் மனைவி ஹோட்டலுக்கு வந்துபோன செய்தியைச் சொன்னார். தன் கணவர் போன இடத்தைக் காட்டவேண்டுமென்று பேரன் பேத்தியை அழைத்து வந்திருக்கிறார். குளம் இல்லை என்பதை இவர் போனில் சொல்லவே இல்லை. நான்காவது மாடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மேசைகளில் நான்கைந்து பேர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்த இடம் தம்பி?" என்று கேட்டாராம்.

"அச்சு மெஷினுக்கும் சன்னலுக்கும் நடுவுல ஒரு இடத்தைக் காட்டினேன்" என்றார் அண்ணன். "ஆழமான பக்கம் அது இல்ல. ஆழமான பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தார். எழுந்திருங்கன்னு எப்படிச் சொல்றது?"

அந்த அம்மா குனிந்து தரைவிரிப்பைத் தொட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். பேத்தியைக் கூப்பிட்டு, "இந்த மாமாதான் தாத்தா கையப் பிடிச்சுக்கிட்டிருந்தார். நமஸ்காரம் சொல்லு" என்றாராம். அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

பிறகு, "நான் அந்தம்மாவுக்கு எழுதிடறேன் அண்ணே. போன் பண்ணிக் கூப்பிட்டது நான்னு எழுதறேன்" என்றேன்.

"எழுதி?"

"உங்க பாரமாவது குறையும்."

"என் பாரத்தை எறக்கி அந்தம்மா தலையில வைக்கவா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "அவங்க தூங்கறாங்க. தூங்கட்டும். நாம ரெண்டு பேரு முழிச்சுக்கிட்டிருக்கோமே, போதாதா?"

அக்கா உள்ளிருந்து டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். நான் இன்னும் எழுதவில்லை.