மூட்டைக்குள் இருந்த மாத்திரை

மாப்பிள்ளையோடு விருந்துக்கு வந்த மகள் கருத்தடை மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினாள். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் நான் வாசலைப் பார்த்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, சின்னாளபட்டியில் எங்கள் வீட்டிலிருந்தபடியே அம்மா சுங்குடிச் சேலைக்குச் சாயத்தில் புள்ளி விழ முடிச்சுப் போடுவாள். நாலாவது பிரசவம் அவள் உயிருக்கே ஆபத்து என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அப்பாவோ இன்னொரு பையன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முடிச்சு அவிழ்ந்துவிடுமென்று அந்தத் துணி மூட்டையை அவர் தொடமாட்டார். அதற்குள்தான் அம்மா மாத்திரையை ஒளித்து வைத்திருந்தாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த ஒருநாள், சாயப்பட்டறையில் அவசரப்படுத்தினார்கள் என்று அப்பாவே மூட்டையைத் தூக்கினார். அட்டை கீழே விழுந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது.

"ஏலே, என்னடா இது?"

"எனக்குத்தேன்ப்பா. காய்ச்ச மாத்திரை."

"அப்பத் தின்னு, பாப்போம்."

விழுங்கினேன். செத்துப்போவேன் என்றே நினைத்தேன். அம்மா வந்ததும் காதோடு சொன்னேன். என்னை இறுக்கிக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது அப்பு. அப்பா நம்பிட்டாரா?"

நம்பியிருந்தார்.

மகள் மாப்பிள்ளைக்கு எதிரிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். நான்தான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன்.