படுக்க மறுத்த குழந்தை

மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை சிறியது. இரண்டு ஆபரேஷன் தியேட்டர், எட்டுப் படுக்கை ஐ.சி.யூ. அங்கே மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. ஆபரேஷன் முடிகிறவரை குழந்தையின் மூச்சு, ரத்த அழுத்தம், உடம்பில் ஏற்றும் திரவம் எல்லாம் என் பொறுப்பு. பல வருஷமாகச் செய்கிற வேலைதான். அந்தப் பிற்பகலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆறு வயதுப் பெண் குழந்தை. அப்பா ராயப்பேட்டையில் சோபா தைக்கும் கடை வைத்திருந்தார். இரண்டு நாளாக வயிற்று வலி, வாந்தி, லேசான காய்ச்சல். வெளியில் எடுத்த ஸ்கேனில் குடல்வால் சரியாகத் தெரியவில்லை, வயிற்றுக்குள் கொஞ்சம் நீர் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். குடல்வால் வெடித்திருக்கலாம் என்றார் சர்ஜன். நாடித்துடிப்பு நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. வாந்தியில் உடம்பு வற்றிப்போயிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். வார்டிலேயே ஒரு முறை சலைனை வேகமாக ஏற்றியிருந்தார்கள்.

"இதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பதினஞ்சு நாள் முன்னாடி ஜுரம், சளி. அதுலேர்ந்து மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"சளி இன்னும் போகல போல கீது டாக்டரம்மா," என்றார் அப்பா.

நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். 'சமீபத்தில் சளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தியேட்டரில் மேஜை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"படுத்துக்கோ கண்ணா."

"வேணாம் ஆன்ட்டி. படுத்தா மூச்சு முட்டுது."

பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். எல்லாக் குழந்தைகளும் ஏதாவது சொல்லும். நர்ஸ் முதுகைத் தடவிக்கொண்டே அவளைச் சாய்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். விரல்கள் சில்லென்றிருந்தன. தியேட்டர் ஏ.சி. என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

மயக்கம் கொடுத்ததும் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவது சகஜம். அவளுக்கு இறங்கியது ஏறவில்லை. சிரிஞ்சில் எடுத்து இன்னொரு முறை திரவம் செலுத்தினேன். அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். துடிப்புதான் ஏறியது, அழுத்தம் மேலும் இறங்கியது.

சர்ஜன் அதற்குள் வயிற்றில் வாயுவை நிரப்பி, கேமராவை உள்ளே விட்டிருந்தார்.

"மேடம், அப்பெண்டிக்ஸ் நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "லிவர் ஏன் இவ்ளோ வீங்கியிருக்கு? பிரஷர் என்ன?"

"அறுபதுக்குக் கீழ போயிடுச்சு."

"டிரையா இருப்பா. இன்னும் ஃப்ளூயிட் குடுங்க."

அடுத்த சிரிஞ்ச் என் கையில் தயாராக இருந்தது. விரலும் அழுத்தத் தயாராகத்தான் இருந்தது. குடல்வாலில் ஒன்றும் இல்லையென்றால் இந்த வலி எங்கிருந்து வந்தது? சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு அல்ட்ராசவுண்ட் மெஷினைக் கேட்டேன். அது மேல்மாடி ஐ.சி.யூ.வில் இருந்தது. உதவியாளர் போன் செய்து பார்த்தார்.

"அங்க யாருக்கோ பாத்துக்கினு கீறாங்களாம் மேடம்."

"இங்க ஒரு குழந்தை போய்க்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க."

மெஷின் வரும்வரை மானிட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். துடிப்பு ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெலிந்து கேட்டது.

துணிக்கடியில் கையை நுழைத்து, நெஞ்செலும்புக்குக் கீழே மெஷினின் புரோபை வைத்தேன். உடம்பில் நீர் குறைந்திருந்தால், இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கும். மூச்சுக்கு மூச்சு அகலம் மாறும். இவளுடையது புடைத்து, அசையாமல் நின்றது. புரோபைச் சாய்த்தேன். இதயம் பெருத்துக் கிடந்தது. சுவர்கள் சுருங்கவில்லை, லேசாக நடுங்கின. நுரையீரலில் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடுகள். அங்கே நீர் சேரத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு பங்கு என் கையால் போனது.

"சார், வயித்துல ஏத்துன கேஸை வெளிய எடுத்துட்டு உடனே மூடுங்க," என்றேன். சர்ஜன் திரையை ஒரு முறை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. சலைனை நிறுத்தி, இதயத்துக்கு வலுக் கொடுக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்தேன். வெகுநேரம் கழித்து அழுத்தம் எழுபதைத் தொட்டது.

வெளியே வந்து பெற்றோரிடம் நானே சொன்னேன். அந்தக் காய்ச்சல் இதயத்தைத் தாக்கியிருக்கிறது, கல்லீரல் வீங்கித்தான் வயிறு வலித்திருக்கிறது, நாங்கள் ஏற்றிய திரவம் அதை மோசமாக்கிவிட்டது.

அம்மா கேட்டார்: "உள்ள போனப்ப உங்ககிட்ட எதாச்சும் சொன்னாளா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"சொன்னா. படுத்தா மூச்சு முட்டுதுன்னு சொன்னா."

அவர் துப்பட்டா முனையால் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை.

ஆறு நாள் வென்டிலேட்டர். மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போனாள், கை நிறைய மாத்திரைகளோடு. இப்போதெல்லாம் நோயோடு வரும் எந்தக் குழந்தையையும் தூங்கவைக்கும் முன் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடுகிறேன். சர்ஜன்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இருக்காது. ஆனாலும் திரையில் படம் தெளியும்வரை மயக்க மருந்தைத் தொடமாட்டேன்.

போன மாதம் காரிடாரில் அந்த அப்பாவைப் பார்த்தேன். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வந்திருந்தார்கள். அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமலே லிஃப்டுக்குள் போய்விட்டார்.

"எப்படி இருக்கா?"

"கீறா டாக்டரம்மா. ஹார்ட்டு இன்னும் முழுசா தேறலையாம். மத்த பசங்க ஓடுறப்ப இவ ஓரமா உக்காந்துகினு பாக்குறா." கொஞ்சம் தயங்கினார். "நைட்ல இப்பவும் ரெண்டு தலகாணி வெச்சாத்தான் தூங்குறா. அது பழக்கமா, இன்னும் மூச்சு முட்டுதா, தெரியல."

இதய டாக்டரிடம் இதை அவசியம் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்று லிஃப்டுக்காக நின்றார். நான் அவருக்கு முன்னால் படியேறிப் போய், அந்த டாக்டரின் கதவைத் தட்டினேன்.